கணு மேல் வெட்டு

கப்பலில் ஓசியாக ஊருக்குப் போக வேண்டுமானால் செத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் செத்துவிடக் கூடாது. சட்டம் அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள அய்யாவுக்கு மூன்று நாள் பிடித்தது.

முப்பத்தொன்றாம் வருஷம் ரப்பர் விலை விழுந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்தவர்களும் சேர்ந்து விழுந்தார்கள். வேலை போன தமிழர்களைக் கடல் தாண்டி நாகப்பட்டணத்துக்குத் திருப்பி அனுப்புவதற்காகக் கிள்ளானுக்கு வெளியே, துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், தகரக் கூரை போட்ட ஒரு முகாம் முளைத்தது. வேலைக்கு லாயக்கில்லாதவன் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் கப்பல். திடமாக இருப்பவனுக்கு அம்பாங் பக்கம் ரோட்டுக்குக் கல் உடைக்கிற வேலை, அரைச் சம்பளம். ஆகவே அந்த முகாமில் திடமான ஆண்பிள்ளை ஒருவன்கூட இல்லை. விடியற்காலையில் கக்கூசுக்கு முந்திக்கொண்டு ஓடுகிறவர்கள் எல்லாம், எட்டு மணிக்கு டாக்டர் துரையின் கார் சத்தம் கேட்டதும் ஒழுங்காக நொண்டினார்கள்.

அய்யாவு நோஞ்சானாக நடிப்பதற்கு ஏற்ற ஆள் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் விறகுக் கொட்டகையில் பதினான்கு வருஷம் கோடாலி பிடித்தவன். தோள் இரண்டும் கதவு மாதிரி இருக்கும். போன வருஷம் தவுக்கே எண்ணெய் எஞ்சினில் ஓடுகிற ஒரு பிளக்கும் மெஷின் வாங்கினான். அது எட்டுப் பேர் வேலையைச் செய்தது, சோறு கேட்கவில்லை, சனிக்கிழமை கள்ளுக்கடைக்குப் போகவில்லை. எட்டுப் பேருக்கும் கணக்கு முடிக்கப்பட்டது. அன்றைக்கு மற்ற ஏழு பேரும் தவுக்கேயின் காலில் விழ, அய்யாவு மட்டும் மெஷினுக்குப் பக்கத்திலேயே அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு அவனிடம் போய்ச் சொன்னான்:

"தவுக்கே, இது கணுவப் பாக்காம பொளக்குது. சிராய் சிராயா வருது பாரு."

"அடுப்புக்குக் கண்ணு இருக்கா அய்யாவு? நெருப்பு எரியும்லா!" என்று தவுக்கே சிரித்தான்.

அய்யாவு வீட்டுக்கு வந்து இந்த அநியாயத்தை மனைவி நல்லம்மாளிடம் சொன்னான். வேலை போய்விட்டது என்பதை அவள் மறுநாள் அடுத்த வீட்டுக்காரி வாயால்தான் தெரிந்துகொண்டாள். அந்த ஒன்றை அவள் மன்னிக்கவே இல்லை.

நல்லம்மாளுக்கு இருமல் இருந்தது. முகாமில் நடிக்காமல் இருமியவள் அவள் ஒருத்திதான். டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்தார், ஒரு நிமிஷத்தில் எடுத்தார், கையெழுத்துப் போட்டார். அவளுக்கும், ஐந்து வயது மகள் தங்கமணிக்கும் செவ்வாய்க்கிழமைக் கப்பலில் இடம். அய்யாவை அடுத்த திங்களன்று, அதாவது கப்பலுக்கு முதல்நாள், பார்ப்பதாகச் சொன்னார்கள். இந்தக் கப்பலை விட்டால் அவள் பெயரை அடித்துவிடுவார்கள். மறுபடி எழுத மாட்டார்கள்.

"நாகப்பட்டணத்துக்கு ஏழு நாளு," என்று நல்லம்மாள் இருமலுக்கு நடுவே கணக்குச் சொன்னாள். "மேல்தளத்துல வெயில்லயும் மழையிலயும் கெடக்கணும். நடுக்கடல்ல எனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா இந்தப் புள்ளைய யாரு புடிச்சிக்கிறது? நீ எப்பிடியாச்சும் சீக்காளியாயிடு."

கட்டிய மனைவி கணவனிடம் கேட்டுக்கொண்ட ஒரே வரம் அதுதான். அய்யாவு ஒப்புக்கொண்டான்.

சீக்காளியாவதற்கு முகாமில் வாத்தியார் இருந்தான். ரெங்கசாமி என்று பெயர். ரவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவன், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவன். கல் உடைக்கப் போன இடத்திலிருந்து ஓடி ஓடி வந்து மூன்று தடவை பரீட்சைக்கு உட்கார்ந்தவன். மூன்றிலும் தோற்றவன் என்பதால் பாடம் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"இருமல் அடிவயித்துலேர்ந்து வரணும் அண்ணே. நீ தொண்டையிலேயே இருமுறே. அது கச்சேரிக்கு ஒக்காந்தவன் இருமல். இருமி முடிச்சதும் ஒடனே மூச்சு விடாதே. 'இன்னொன்னு வருமோ'ன்னு பயந்தாப்ல அண்ணாந்து பாரு. ம், இப்ப ஒண்ணு போடு."

அய்யாவு போட்டான். மூலையில் கட்டியிருந்த ஆடு ஒரு தரம் திரும்பிப் பார்த்தது.

"ஆடு நம்பிருச்சு," என்றான் ரெங்கசாமி. "துரையும் நம்பிருவாரு. குழாய்க்கு என்னா தெரியும்? ஆனா புத்தகத்துல பேர் எழுதுற கிராணி இருக்காரு பாரு, அந்த ஆளுதான் எமன்."

"கிராணி என்னா செய்வாரு?"

"தொழில் என்னான்னு பாப்பாரு. மொதத் தடவை துரை என் நெஞ்சக் கேட்டுட்டு 'பாவம்'னு தலைய ஆட்டிட்டாரு. கிராணி, 'சாயந்திரம் கையெழுத்து, அதுவரைக்கும் கொல்லையில ஒக்காரு'ன்னாரு. ஒக்காந்தேன். எதிர்ல வேலியோரம் ஒரு பால் மரம். அந்த சமையக்காரப் பய பக்கிரிசாமி கத்தியோட வந்து அத நோண்டுறான். பட்டைய விட்டுட்டு கட்டையில எறக்குறான் அண்ணே! மரம் செத்துப்போவும். நானும் பல்லக் கடிச்சிகிட்டுதான் இருந்தேன். கத்தி எப்ப என் கைக்கு வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. சாய்வு பாத்து, ஒரு நூலு ஆழத்துல, சும்மா பட்டு மாதிரி இழுத்தேன். திரும்புனா கிராணி நிக்கிறாரு."

"சரி, ரெண்டாவது தடவை?"

"அதே மரம்."

"மூணாவது?"

ரெங்கசாமி ஆட்டின் முதுகைத் தட்டிக்கொடுத்தான். "அந்த மரத்துக்கு என்னாலதான் இன்னும் உசுரு இருக்கு," என்றான்.

கிராணியின் பெயர் கார்த்திகேசு. யாழ்ப்பாணத்துக்காரர்; இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டு, காதில் பென்சில். முகாம் பதிவேட்டில் 'தொழில்' என்று ஒரு பத்தி சும்மா கிடப்பதை அவர் ஒருவர்தான் கவனித்தார். நெஞ்சைப் பொய் சொல்ல வைக்கலாம், காலைப் பொய் சொல்ல வைக்கலாம். தன் தொழிலை எவனோ கொலை செய்வதைப் பார்த்துக்கொண்டு கைகள் சும்மா இருக்காது என்பது அவர் கண்டுபிடிப்பு. நாவிதன் வந்தால், அவன் எதிரே இன்னொருவன் தலையில் ரத்தம் வரச் சிரைப்பார்கள். இந்த முறையால் நூற்றுக்கணக்கான நோயாளிகளை அவர் ஒரே நொடியில் குணப்படுத்தியிருந்தார். எந்த டாக்டரும் செய்யாத காரியம்.

தொழிலை மாற்றிச் சொல்லிவிடலாமா என்று அய்யாவு யோசித்தான். நல்லம்மாள் தன்னுடைய காகிதத்திலேயே 'புருஷன், விறகு பிளப்பவன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டிருந்தாள். அப்போது அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"இனி ஒண்ணும் பண்ண முடியாது," என்றாள். "ஒங்கண்ணு முன்னால கட்டையப் போட்டுக் கொத்துவானுங்க. கொத்தட்டும். ஊரே கொத்தட்டும். நீ ஒக்காந்த எடத்தவிட்டு எந்திரிக்கக் கூடாது. புள்ள தலையில அடிச்சி சத்தியம் பண்ணு."

அவன் தங்கமணியின் தலையில் கையை வைத்தான்.

திங்கட்கிழமை டாக்டர் குழாயை வைத்தார். அய்யாவு அடிவயிற்றிலிருந்து இருமினான், அண்ணாந்து பார்த்தான், இன்னொன்று வருமோ என்று பயந்தான். டாக்டர் தலையை ஆட்டினார். ரெங்கசாமி பார்த்திருந்தால் கண்கலங்கியிருப்பான்.

"துரை பின்னேரம் கையெழுத்து வைப்பார்," என்றார் கார்த்திகேசு. "அதுமட்டும் குசினிக்குப் பின்னால அந்த வாங்கிலை இரும். உமக்குக் காத்தும் வேணும்தானே, காணும்?"

குசினிக்கு, அதாவது சமையல்கட்டுக்குப் பின்னால், உட்கார ஒரு வாங்குப் பலகை. எதிரே ஒரு வெட்டுக்கட்டை. பக்கத்தில் ஆள் தொடை பருமனுக்கு ஏழு கெம்பாஸ் துண்டுகள். கெம்பாஸ் மரத்தின் நார் முறுக்கிக்கொண்டு வளரும். அதன் சம்மதம் இல்லாமல் அதை யாரும் பிளக்க முடியாது. எங்கே சம்மதிக்கிறது என்பதைத் துண்டின் முகத்தில் ஒரு மயிரிழை வெடிப்பாகத் தானே எழுதி வைத்திருக்கும். அதைப் படிக்கத் தெரிய வேண்டும். அய்யாவு உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏழையும் படித்துவிட்டான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

கண்ணை மூடினால் காதுக்கு என்ன செய்வது? பக்கிரிசாமி வேலையை ஆரம்பித்தான். இயற்கையாகவே விறகு வெட்டத் தெரியாதவன். அதற்கு மேல் கிராணியின் உத்தரவும் இருந்தது. கோடாலி கணுவின் மேல் விழுந்து 'ணங்' என்று துள்ளியது. மறுபடி 'ணங்'. நல்ல வெட்டுக்குச் சத்தமே வேறு; முற்றின பூசணியைக் கீறுகிற மாதிரி மெதுவாக ஒரு 'சரக்'. அந்தச் சத்தத்துக்காக அய்யாவின் காது பதினான்கு வருஷம் பழகியிருந்தது. ஒவ்வொரு 'ணங்'குக்கும் அவன் பின்னங்கழுத்தில் ஒரு நரம்பு இழுத்தது.

"என்னாண்ணே, சரியாத்தானே போடுறேன்?" என்றான் பக்கிரிசாமி.

"எனக்கென்னா தெரியும். நான் சீக்காளி."

"இப்பிடித் திருப்பிப் போடட்டுமா?"

"போடு."

"கோடாலிய இன்னுங் கொஞ்சம் மொனையில புடிக்கட்டுமா?"

அய்யாவு இருமினான். இந்தத் தடவை சொல்லிக்கொடுக்காமலே அடிவயிற்றிலிருந்து வந்தது. கைகள் இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். தாழ்வாரத்தில் கார்த்திகேசு ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடித்தார். பிறகு இன்னொன்று குடித்தார். மத்தியானம் போயிற்று. பக்கிரிசாமியின் உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, பக்கத்திலேயே இன்னொன்று வந்தது. ஏழு துண்டும் ஏழு துண்டாகவே இருந்தன. மேலெல்லாம் நாய் கடித்த மாதிரி வாய். அய்யாவு எழுந்திருக்கவில்லை.

நாலு மணிக்குக் கார்த்திகேசு கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஒரு துக்கம் தெரிந்தது.

"சரி. நீர் உண்மையான வருத்தக்காரன்தான், நோயாளிதான்," என்றார். "நான் போய்ப் புத்தகத்தை எடுத்து துரையிட்டை வைக்கிறன். முத்திரை குத்தினாப் பிறகு போம்."

உள்ளே போனார். அய்யாவு தொடைக்குக் கீழேயிருந்து கைகளை எடுத்தான். இரண்டும் மரத்துப்போயிருந்தன. வானத்தைப் பார்த்தான். செவ்வாய்க்கிழமை என்பது ஒரு நல்ல நாள் என்று அவனுக்கு அப்போதுதான் தோன்றியது.

அன்று காலையிலிருந்து ஒரு குச்சி விறகுகூடப் பிளக்கப்படவில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. சாயந்திரம் குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்ச, பெண்கள் குசினிக்கு வந்து விறகு வாங்கிப் போவது வழக்கம். முதலில் வந்தவள் நல்லம்மாள்.

"வெறகு குடு," என்றாள்.

"எங்க இருக்கு?" பக்கிரிசாமி உள்ளங்கைகளை விரித்துக் காட்டினான். "பாத்தியா? நான் இனி ஒரு வெட்டுக்கூடப் போட மாட்டேன். வேணும்னா நீயே பொளந்துக்க தாயி." கோடாலியைக் கட்டையின் மேல் சாய்த்துவிட்டு, கையைத் தண்ணீரில் நனைக்கப் போய்விட்டான்.

நல்லம்மாள் வாங்கைப் பார்த்தாள்; உள்ளே ஆபீஸைப் பார்த்தாள். தங்கமணி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு கோடாலியை எடுத்தாள்.

"நீ அங்கயே இரு," என்றாள், அவன் பக்கம் திரும்பாமல். "கேட்டுச்சா? முத்திரை இன்னும் குத்தல."

முதல் வெட்டு வழுக்கித் தரையில் விழுந்தது. அவள் காலுக்கு அரை சாண் தள்ளி.

"இருன்னு சொல்றேன்ல."

இரண்டாவது வெட்டு கணுவுக்குள் போய் மாட்டிக்கொண்டது. அவள் இழுத்தாள், கட்டையும் கூடவே வந்தது. அப்போது இருமல் பிடித்தது. கோடாலிப் பிடியில் தொங்கிக்கொண்டு, முதுகு வளைந்து, அவள் இருமிக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, எப்படியோ கோடாலியைப் பிடுங்கி, மூன்றாவது தடவை ஓங்கினாள். அதே கணுவுக்கு நேராக.

அய்யாவு எழுந்துவிட்டான்.

"கணு மேலயா போடுவே, மூதேவி! வெடிப்பு அந்தப் பக்கம் இருக்கு பாரு!"

கோடாலி அவன் கையில் இருந்தது. அவன் கட்டையைத் தலைகீழாகத் திருப்பினான், வெடிப்பைக் கட்டைவிரலால் ஒரு தரம் தடவினான், ஓங்கினான். 'சரக்'. கெம்பாஸ் இரண்டாகத் திறந்து இரண்டு பக்கமும் சாய்ந்தது. உள்ளே மரம் சிவப்பாக, ஈரமாக இருந்தது. இரண்டு நாலாயிற்று. கஞ்சிக்கு அது போதும்.

"போதும்," என்றாள் நல்லம்மாள். "போதும், ஒக்காரு. யாரும் பாக்கல. ஒக்காந்துடு."

அவனுக்குக் கேட்கவில்லை. அவன் இரண்டாவது துண்டை எடுத்து வைத்தான். பிறகு மூன்றாவது. காலையிலிருந்து நாய் கடித்திருந்த ஒவ்வொரு துண்டும் ஒரே வெட்டில் ஆறுதல் அடைந்தது. ஏழாவதை முடித்து அவன் நிமிர்ந்தபோது நெற்றியில் வேர்வை இருந்தது; மூச்சு சீராக இருந்தது. ஒரு இருமல்கூட வரவில்லை.

ஜன்னலில் டாக்டர் துரை கைக்குட்டையால் கையைத் துடைத்தபடி நின்றார். "ஸ்ப்ளெண்டிட்," என்றார். அது ஒரு பாராட்டு.

ஆபீஸ் மேஜையில் இரண்டு முத்திரைகள் இருந்தன; கப்பலுக்கு ஒன்று, கல் உடைக்க ஒன்று. உலகமெங்கும் ரப்பருக்கு விலை இல்லாமல் போன அந்த வருஷத்தில், அந்த இரண்டு துண்டு ரப்பருக்கு மட்டும் மதிப்புக் குறையவில்லை. கார்த்திகேசு கையில் எடுத்திருந்ததைக் கீழே வைத்துவிட்டு மற்றதை எடுத்துக் குத்தினார். அவர் முகத்தில் துக்கம் போய்விட்டிருந்தது. தன்னுடைய முறை தோற்கவில்லை என்று நம்பினார். அவனை எழுப்பியது பக்கிரிசாமியின் வெட்டு அல்ல, நல்லம்மாளின் வெட்டு என்பது அவருக்குத் தெரியாது.

"ஐயா, பொஞ்சாதி கஷ்டப்படுறாளேன்னுதான் எந்திரிச்சேன்," என்றான் அய்யாவு. "கஞ்சிக்கு வெறகு இல்லைங்க. நெசமாவே எனக்கு நெஞ்சு சரியில்லைங்க."

"ஏழு," என்றார் கார்த்திகேசு. "நான் எண்ணினனான்."

மறுநாள் காலையில் துறைமுகத்துக்கு லோரி வந்தது. நல்லம்மாள் பழைய சேலையைக் கிழித்து, ஒரு முனையைத் தன் இடுப்பிலும் மறுமுனையைத் தங்கமணியின் இடுப்பிலும் கட்டியிருந்தாள். பிடித்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் அந்த ஏற்பாடு. முடிச்சைப் பார்த்து அய்யாவு, "இறுக்கிப் போட்டிருக்கியா?" என்று கேட்டான். "ம்," என்றாள். குழந்தை அந்தத் துணியைக் குதிரைக் கடிவாளம் என்று வைத்துக்கொண்டு ஆட்டி விளையாடியது.

லோரி எஞ்சின் உறுமத் தொடங்கியதும் நல்லம்மாள் அவனைப் பார்த்தாள்.

"மொதக் கட்டை எனக்காக," என்றாள். "அத நம்பிட்டேன். ரெண்டாவது கட்டைய யாருக்காக எடுத்தே?"

அவன் வாயைத் திறந்தான். லோரி நகர்ந்துவிட்டது.

கல் உடைக்கப் போகிறவர்களின் வரிசையில் ரெங்கசாமிக்குப் பின்னால் போய் நின்றான். கார்த்திகேசு அவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். பக்கிரிசாமியின் கை பழுத்துவிட்டது. முகாமுக்கு விறகு ஆள் வேண்டும். அரைச் சம்பளம், சோறு, குசினிக்குப் பின்னால் படுக்க இடம்.

"காலையில நல்லா வெட்டும். சனம் சமைக்க வேணும்," என்றார். "ஆனா எப்பவாவது உம்மட தொழில்காரன் எவனும் அந்த வாங்கிலை வந்து இருந்தால், அண்டைக்குப் பிழையாய் வெட்ட வேணும். பக்கிரிசாமி சும்மா கண்டபாட்டுக்குப் போடுறான். எங்க போட்டால் பிழை எண்டு வடிவாய்த் தெரிஞ்சவன் நீர்தான்."

அந்தச் சம்பளத்தைச் சேர்த்தால் ஒன்றரை வருஷத்தில் தளத்து டிக்கட் எடுக்கலாம் என்றும், நாகப்பட்டணத்திலிருந்து கடிதம் வந்தால் முகாமுக்குத்தான் வரும் என்றும் அய்யாவு நினைத்துக்கொண்டான். சரி என்றான்.

ஒரு மாதம் ஆயிற்று. கடிதம் வரவில்லை. கப்பல் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டதற்கு, போய்ச் சேர்ந்தது என்று கார்த்திகேசு சொன்னார். யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று கேட்டதற்கு, அப்படி ஒரு பத்தி பதிவேட்டில் இல்லை என்றார்.

அடுத்த திங்களன்று வாங்கில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கிள்ளான் ஆற்றங்கரை விறகுக் கிட்டங்கியில் வேலை பார்த்தவனாம். ஒல்லியான ஆள், இருமல் சுமார். எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தான் போலிருக்கிறது. உட்கார்ந்ததுமே கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டான்.

அய்யாவு ஒரு கெம்பாஸ் துண்டை எடுத்து வைத்தான். வெடிப்பைப் பார்த்தான், அதைத் தவிர்த்தான். கணுவைத் தேடினான். பதினான்கு வருஷத்தில் எந்தக் கணுவையும் அவன் அவ்வளவு பத்திரமாகக் குறிபார்த்ததில்லை. கோடாலி 'ணங்' என்று துள்ளியது. அவன் பின்னங்கழுத்தில் நரம்பு இழுத்தது. வாங்கில் இருந்தவனுக்கும் இழுத்தது. எழுந்திருக்காதே என்று அய்யாவு மனசுக்குள் சொன்னான். தாழ்வாரத்தில் கார்த்திகேசு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்ததால் மனசுக்குள் மட்டும் சொன்னான். மறுபடி ஓங்கினான். அதே கணு.

ஒன்பதாவது வெட்டில் வாங்கில் இருந்தவன் எழுந்து வந்துவிட்டான்.

"கொண்டா அண்ணே. கணு மேல போடுறியே, ஒனக்கு யாரு இந்த வேலயக் குடுத்தா?"

அய்யாவு கோடாலியைக் கொடுத்தான். அந்த ஆள் துண்டைத் திருப்பி வைத்து ஓங்கினான். 'சரக்'. நல்ல வெட்டு. அய்யாவின் கழுத்து நரம்பு தளர்ந்தது. அதற்காக அவன் தன்னை வைதுகொண்டான். ஆனால் தளர்ந்தது தளர்ந்ததுதான்.

அந்த ஆள் இரண்டாவது துண்டையும் எடுத்து வைத்தான். யாருக்காக எடுக்கிறான் என்று அய்யாவு அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அந்தப் பதிலை நாகப்பட்டணத்துக்கு எழுதிப் போட்டிருக்கலாம்.